மகளுக்குக் கிடையாது, மருமகளுக்கு உண்டாம்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும், பேனாவைத் திறப்பதற்கு முன்னால் யோசிக்கிற புத்தியையும் தரட்டும். உன் முதுகுவலி தேவலையா? இங்கே உடம்பளவில் எல்லாரும் சுகம். மனசளவில் யாரும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீயும் உன் கம்பெனியும்.

நாளைக்கு யாரும் பேச்சை மாற்றக் கூடாது என்பதற்காக முதலில் சாட்சிகளைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுன்ட்டர் முன்னால் இருந்தவர்கள்: நான், உன் மாமா, லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த என் மகன், ஆறு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி, அதாவது என் மகள் (இந்த 'அதாவது'தான் நேற்றைய சண்டை முழுவதும்), கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண், எங்களுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில், காலில் மாவுக்கட்டோடு ஒரு பெரியவர். இவர்களைத் தவிர, மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கடவுள். அவரை உன் கம்பெனி சாட்சியாக ஏற்றுக்கொள்ளுமோ என்னவோ, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அதற்கும் ஒரு விதி வைத்திருப்பீர்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைப் படித்துப் படித்துத்தான் எழுத்துக் கூட்டினேன், வீட்டுச் செலவை எழுதி எழுதித்தான் கணக்குக் கற்றுக்கொண்டேன். அதனாலேயே எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. என் மகன் கல்யாணம் முடிந்த கையோடு நீ மூன்று பாலிசிகளைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாயே, நினைவிருக்கிறதா? "மூணுமே நல்லதுக்கா, கண்ணை மூடிட்டு ஒண்ண எடு" என்றாய். நான் கண்ணை மூடவில்லை, பூதக்கண்ணாடியை எடுத்தேன். முதல் பாலிசியில் பிரசவத்துக்குப் பணம் உண்டு, ஆபரேஷன் என்றால் கிடையாது. என்னவோ நாம் ஆசைப்பட்டுப் போய் வயிற்றைக் கிழித்துக்கொள்கிற மாதிரி! இரண்டாவதில் தாய்க்கு எல்லாம் உண்டு, பிறந்த குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை சல்லிக்காசு கிடையாது. அதுவரை அது யார் வீட்டுக் குழந்தையாம்? மூன்றாவதில் இரண்டும் உண்டு, ஆனால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், பிரீமியமும் கூடுதல். அதைத்தான் எடுப்பது என்று நான் சொன்னபோது உன் மாமா, "அதுக்கு முன்னாடியே குழந்தை வந்துட்டா?" என்று கேட்டார். "சொல்லி வச்சுட வேண்டியதுதான்" என்றேன். மகனும் அவளும் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். போனால் என்ன, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். இரண்டு வருஷம் முடிந்த பிறகுதான் கடவுள் கண் திறந்தார்.

குடும்பக் கணக்கு என் கையில் என்பதால் பாலிசியும் என் பெயரில். அன்றைக்கு நீதான் ஃபாரத்தை நிரப்பினாய். "அக்கா, இவங்க உனக்கு என்ன உறவு?" என்று அவளைக் காட்டிக் கேட்டாய். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, மாடியிலிருந்து இறங்கி வந்து, காப்பி டம்ளர் தட்டை ஏந்திக்கொண்டு உன் எதிரிலேயே நிற்கிறாள். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக 'மருமகள்' என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வருமா? "மகள்னு போடுடா" என்றேன். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டே போட்டாய். இத்தனை வருஷமாக இன்சூரன்ஸ் விற்கிறவன், "பாசத்தை மனசுல வச்சுக்கோ, ஃபாரத்துல உள்ளதச் சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அக்கா வீட்டுக் காப்பி அவ்வளவு சூடாகவா இருந்தது, வாயைத் திறக்க முடியாமல்?

இப்போது நேற்றைய கூத்தைக் கேள். பிரசவத்துக்கு இப்போதே பதிந்துவைக்கப் போனோம். கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"பேஷண்ட் உங்க மகளா?"

"ஆமா, மகள்தான்."

"இவர்?"

"என் மகன்."

"பேஷண்டோட கணவர் வரலையா?"

"இதோ கல்லு மாதிரி நிக்கிறானே!"

அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. "மேடம், இங்க ரெண்டு பேருமே உங்க பிள்ளைங்கன்னு இருக்கு" என்றாள், யாருக்கோ துக்கச் செய்தி சொல்கிற குரலில். பின்னால் மாவுக்கட்டுப் பெரியவர், "கடவுளே, இதையெல்லாம் கேக்கவா என்னை மாடிப்படியில தள்ளிவிட்ட?" என்றார். என் மகன் காதுவரை சிவந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை முதல் படத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். அவன் மனைவியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் விஷயத்தை விளக்கினேன். உடனே அந்தப் பெண், "அப்ப பிரச்சனையே அதான் மேடம். இந்த பாலிசில மருமகளுக்குப் பிரசவச் செலவு உண்டு, மகளுக்குக் கிடையாது. மகள்னா அவங்க வீட்டுக்காரர் பாலிசில வந்துடுவாங்க" என்றாள். "இவ வீட்டுக்காரனும் இந்தப் பாலிசிலதான்மா இருக்கான்!" என்று நான் கத்த, "மகளோ மருமகளோ, சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா, என் கட்டே காஞ்சிடும் போல" என்று பெரியவர் கத்த, உன் மாமா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

இது எந்த ஊர் நியாயம் தம்பி? மகளுக்கு வந்தால் வலி இல்லையா, மருமகளுக்கு வந்தால்தான் வலியா? அத்தனை பொடி எழுத்தையும் படித்த நான் அந்த ஒரு வரியைப் படித்தும் கண்டுகொள்ளவில்லை. நமக்குத்தான் மகளே கிடையாதே என்று தாண்டிப் போயிருக்கிறேன். அதற்கும் உன் மேல்தான் கோபம் வருகிறது.

இப்போது உன் கம்பெனி கேட்பது என்ன? 'என் மகள் என்று நான் தவறான தகவல் தந்திருந்தேன். மேற்படி நபர் என் மகள் அல்லர், மருமகளே' என்று அச்சடித்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதுவும் ஏழாம் மாதம் பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமாம், இல்லாவிட்டால் பணம் கிடையாதாம். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, மேலே ஏறாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் என்றால் மகனின் அரை வருஷச் சம்பளம் ஒரே நாளில் போய்விடும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன், போட மாட்டேன். "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்" என்கிறார் உன் மாமா. தினமும் காலையில் எழுந்ததும் என் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்று என்று ஆண்டவனிடம் கேட்கிறவள் நான். இப்போது போய், ஒன்றுதான் பிள்ளை, இன்னொன்று மேற்படி நபர் என்று எழுதிக் கொடுப்பேனா? 'தவறான தகவல்' என்கிறார்களே, நான் என்றைக்கடா பொய் சொன்னேன்?

ஆகவே நீ நேராக உன் மேனேஜரிடம் போ. மகளுக்கும் உண்டு என்று விதியை மாற்றச் சொல். மாற்ற முடியாவிட்டால் கட்டிய பிரீமியத்தைத் திருப்பச் சொல். அவருக்கும் ஒரு தாய் இருப்பாள், அவளிடம் போய் நியாயம் கேட்கச் சொல். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனம் நிறைந்த ஆசிகள். மேனேஜருக்கு ஆசி இல்லை, நல்ல புத்திக்கான பிரார்த்தனை மட்டும்.

இப்படிக்கு,
ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் தாயான
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை அவளிடம் படித்துக் காட்டினேன், கண் கலங்குவாள் என்று நினைத்து. முழுக்கக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க அத்தை. இத ஆஸ்பத்திரில காட்டினா பில்லுல கழிச்சுப்பாங்களா?" என்றாள். அத்தையாம்! "மகளா, மருமகளான்னு ரெண்டு நாளா நீங்களே சண்டை போடுறீங்க. எனக்கு எது வேணும்னு யாராவது கேட்டீங்களா? எனக்கு பயமா இருக்கு அத்தை" என்றாள். அப்படியே சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தாள். "பெத்த தாய்கிட்ட எந்த மகளாவது இப்படிப் பேசுவாளா?" என்று உன் மாமாவைக் கேட்டேன். "இதவிட மோசமாப் பேசுவா. நீ உங்கம்மாகிட்ட பேசினத நான் கேட்டிருக்கேன்" என்றார். மருமகளேதான், சந்தேகமில்லை. கையெழுத்துப் போட்டு, அந்தச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடும் இழுத்து இதோடு வைத்திருக்கிறேன். 'தவறான தகவல்' என்பதை மட்டும் அடித்துவிட்டு 'அவசரப்பட்டுத் தந்த தகவல்' என்று திருத்தியிருக்கிறேன். மேனேஜரைப் பற்றி மேலே எழுதியதை அவரிடம் காட்டிவிடாதே. திருத்தத்தோடு இதை ஏற்றுக்கொள்வார்களா, இல்லை வேறு காகிதத்தில் போட்டு அனுப்ப வேண்டுமா என்று சீக்கிரம் பதில் எழுது.