ஹாகன் நிலத்துக்கு அடியில் நமக்கிருந்த பாதி

வடக்கு டகோட்டா,
ஜனவரி, வியாழன் மதியம்.

அன்புத் தங்கை தோராவுக்கு அண்ணன் ஆர்விட் எழுதுவது.

இங்கு நான் சுகம், பூனையும் சுகம். காரை மட்டும் சுகம் என்று சொல்வதற்கில்லை. எஞ்சின் உறையாமலிருக்க ராத்திரியெல்லாம் மின்சாரத்தில் செருகி வைத்தும் காலையில் இருமிவிட்டுத்தான் கிளம்புகிறது. அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்கால்களும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கையில் சூடாக எதையும் வைத்துக்கொள்ளாதே.

எண்ணெய்க் கம்பெனி உனக்கு எழுதிய கடிதத்தை அனுப்பி, நம் பழைய பண்ணைக்கு அடியில் நமக்குக் கனிம உரிமை இருக்கலாமாம், என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல் என்றாய். புதுக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டதாகக் கடைசியில் ஒரு வரி. இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவளே இருப்பதாக முடிவும் கட்டிவிட்டாய். இந்தத் துணிச்சல் நம் வீட்டில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

மேலே விளையும் கோதுமை ஒருவனுக்கு, கீழே கிடக்கும் எண்ணெய் இன்னொருவனுக்கு என்பது நம் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். நிலத்தை ஹாகன் குடும்பத்துக்கு விற்றபோது அப்பா அடிமண்ணில் எதையாவது கையில் வைத்துக்கொண்டாரா என்பதுதான் கேள்வி. அதற்கு வில்லங்கம் பார்க்க வேண்டும். தானியக் கிடங்கில் ஆயுசெல்லாம் கணக்குப் பார்த்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்று கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போனேன். பதிவு ஆபீஸ் பெண் டெனிஸ், "நான் பாத்துத் தரட்டுமாங்க?" என்றாள். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு நானே புத்தகங்களைப் புரட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கண்ட முடிவு: தேவாலயம், பள்ளிக்கூடம், பௌலிங் கூடம் மூன்றுக்கும் அடியில் கிடப்பதெல்லாம் நம்முடையது. அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் என் நடையே வேறு. சபையார் எழுந்து நின்று பாடியபோது, இத்தனை பேரும் என் சொத்தின் மேல் அல்லவா நிற்கிறார்கள் என்று மனம் இளகி, காணிக்கைத் தட்டில் வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை டெனிஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஐயா, வரைபடத்தத் தலைகீழா வச்சிருக்கீங்க" என்றாள். காணிக்கையைத் திருப்பிக் கேட்க முடியாது. கேட்கலாமா என்று யோசித்தது உண்மை.

தோரா, இனி எழுதப்போவது சிரிக்கிற விஷயமில்லை. வறட்சியில் அப்பா தத்தளித்தபோது ஆஸ்கர் ஹாகன் அடிமாட்டு விலைக்கு நம் நிலத்தைத் தட்டிக்கொண்டு போனார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானே தேவாலயத்தில் நாம் இடப்பக்கம், அவர்கள் வலப்பக்கம்? ஆஸ்கரின் மகன் லாய்ட் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கார் பனியில் புதைந்தாலும் அவனை நான் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. டெனிஸ் எடுத்துக் கொடுத்த சரியான பத்திரம் வேறு கதை சொல்கிறது. யாரும் எதையும் பறிக்கவில்லை. ஊர் விலைக்கு மேலே கொடுத்து, அடிமண்ணோடு சேர்த்து மொத்தத்தையும் ஆஸ்கர் வாங்கியிருக்கிறார். மறு வாரமே இன்னொரு பத்திரம்: அடிமண்ணில் பாதியை அப்பாவுக்கே திருப்பி எழுதியிருக்கிறார். விலை ஒரு டாலர். "அது சும்மா எழுதுறதுங்க. அந்த ஒத்த டாலரக்கூட வாங்கியிருக்க மாட்டாரு" என்றாள் டெனிஸ். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நன்றி சொல்ல வெட்கப்பட்ட அப்பாவுக்குப் பகையாளி என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கிறது. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் ஹீட்டரைக் கூட்டிவிட்டாள்.

மறுநாள் ஹாகன் வீட்டுக் கதவைத் தட்டினேன். லாய்டே திறந்தான்.

"கார் மாட்டிக்கிச்சா?" என்றான். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல."

"அப்ப உள்ள வா. தெருவுக்கெல்லாம் சூடு போட எங்கிட்ட விறகு இல்ல."

அவன் மனைவி மார்லிஸ் காபி கொண்டுவந்தாள். நம் ஊர் முறைப்படி இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லி மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டேன். பிறகு எழுந்து நின்று, அது உங்கள் அப்பா கொடுத்த கொடை, நாங்கள் அதற்கு லாயக்கில்லாமல் நடந்துகொண்டோம், அந்தப் பாதியை உன் பெயருக்கே திருப்பி எழுதித் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் எதுக்குப்பா" என்றான். மறுபடி சொன்னேன். "வேணாம் ஆர்விட், வச்சுக்க" என்றான். மூன்றாம் தடவை சொன்னபோது அடுப்பில் இன்னொரு விறகைச் செருகிவிட்டு, "நீ இவ்ளோ சொல்றதால சரி" என்றான். புறப்படும்போது ஒரு பொட்டலம் மான்கறி சாசேஜ் கையில் திணித்தான். அதில் பாதியைத் தின்றாயிற்று.

ஆமாம் தோரா, உன் பங்கையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுக்க விட்டிருக்க மாட்டாய். உன் காரை என் தலையில் கட்டினாலும் கட்டு, கொடுத்த வார்த்தையை நான் திரும்ப வாங்க மாட்டேன். அப்பா வைத்துவிட்டுப் போன ஒரே கடன் இது. அதைத் தீர்த்துவிட்டேன் என்ற நிறைவோடு, கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்க வேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

உன் அண்ணன்,
ஆர்விட் டோலெஃப்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மார்லிஸ் போன் செய்தாள்.

"ஆர்விட், வக்கீலுக்குத் துட்டு அழுதுராதீங்க. இந்த மனுசன் செத்தாலும் சொல்ல மாட்டாரு, அதான் நான் சொல்றேன். அந்தப் பாதி உங்களுதே இல்ல. உங்கப்பா போனப்புறம், தோராவ நர்ஸ் படிப்புக்கு அனுப்ப உங்கம்மா எங்க மாமனாருக்கே அத வித்துட்டாங்க. நல்ல விலை குடுத்துத்தான் வாங்கினாரு."

"ஆபீஸ்ல அப்படி ஒண்ணும் இல்லையே!"

"அவரு பதியல. பதிஞ்சா ஊரே பாக்கும், புருசன் போன கையோட வித்துத் திங்கிறாளேன்னு பேசும்னு டிராயர்லயே வச்சுட்டாரு. உங்கம்மா கையெழுத்தோட இன்னும் அங்கதான் கெடக்கு."

"அப்ப லாய்ட் எதுக்குச் சரின்னான்?"

"மூணு தடவ கேட்டீங்களே. அதுக்கு மேல மறுத்தா மரியாதையா இருக்குமா?"

ஆகவே தோரா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. நான் அவன் சொத்தை அவனுக்கே தானம் செய்து சாசேஜும் வாங்கித் தின்றிருக்கிறேன். உன் பங்கில் நான் கை வைக்கவில்லை. அதை நீ நாற்பது வருஷம் வெள்ளைத் தொப்பியாகத் தலையில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாக நடந்துவிட்டாய். காரை வேண்டாமென்று சொல்லிவிடு.

ஆனாலும் நாளைக்கு வக்கீலிடம் போகத்தான் போகிறேன். ஆபீஸ் புத்தகத்தில் லாய்டின் பெயர் ஏறட்டும். நம்மிடம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது அவனுக்குத் தெரிய வேண்டாம். பத்திரம் உன்னிடம் வரும், நிதானமாகக் கையெழுத்துப் போடு. அது அம்மாவின் கையெழுத்தோடு ஒரே டிராயரில் கிடக்கப்போகிறது. வக்கீல் கூலியில் பாதி உன்னுடையது. முடியாதென்று இரண்டு தடவை எழுதிக்கொள், மூன்றாம் தடவை அனுப்பி வை.