ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

பிப்ரவரி 3, காலை பத்து இருபதுக்கு, எட்டுப் பேர் ஏறக்கூடிய லிஃப்ட் ஒன்று ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே இருந்தவர் முத்திரையக்கா ஒருவர்தான். கட்டட அனுமதி அலுவலகத்தின் தபால் பிரிவில், வருகிற காகிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்துவது அவர் வேலை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றபடி யாருக்கும் தேவைப்படவில்லை.

முத்திரையக்கா அபாய மணியை அழுத்தினார். அது அடிக்கவில்லை. செல்போனை எடுத்தார், சிக்னல் இல்லை. கதவைத் தட்டினார், கைதான் வலித்தது. ஒரு பொறுப்புள்ள ஊழியர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்ட திருப்தியோடு கைப்பையைத் திறந்து, ஒரு துப்பறியும் நாவலை வெளியே எடுத்தார்.

அந்த நாவலை வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு டாக்டர் தன் ஆஸ்பத்திரியிலேயே கொலையுண்டு கிடக்கிறார். மனைவி, தம்பி, நர்ஸ், கம்பவுண்டர் என்று நான்கு பேர் மேல் சந்தேகம். முத்திரையக்கா வீட்டில் புத்தகத்தைப் பிரித்தால், "சும்மாதானே இருக்கே" என்று கணவர் ஒரு வேலை சொல்வார். பஸ்ஸில் ஒரு கைக்குக் கம்பி, ஒரு கைக்கு டிபன் பாக்ஸ். ஆபீசில் பிரித்தால், இவருக்கு வேலையே இல்லை என்று மனுவோடு வந்தவர்கள் புகார் எழுதுவார்கள். அந்தப் புகாருக்கும் அவரேதான் முத்திரை குத்த வேண்டும். ஆகவே டாக்டர் செத்து ஒரு வருஷமாகியும், பிணத்தைத் தரையிலிருந்து எடுக்க முத்திரையக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

லிஃப்ட்டில் பிணம் எடுக்கப்பட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்தது. நர்ஸ் முதல் பொய்யைச் சொன்னாள். அப்போது கதவு திறந்து மெக்கானிக்கின் தலை தெரிந்தது.

"பயந்துட்டீங்களா அக்கா? முக்கால் மணி நேரம் ஆச்சு."

முத்திரையக்கா நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குள்ளயா?"

மாட்டிக்கொண்டவர்களிடம் மெக்கானிக் எத்தனையோ வசவுகள் வாங்கியவர். இது எந்த வகை வசவு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அதன்பின் லிஃப்ட் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, அதே இடத்தில் நின்றது. அலுவலகமே படிக்கட்டுக்கு மாறியது. முத்திரையக்கா மட்டும், "எனக்கு முட்டி வலி" என்று லிஃப்ட்டிலேயே போனார். மாதம் முடிவதற்குள் கடைசி ஐம்பது பக்கம்தான் பாக்கி. முத்திரை குத்தும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும், டாக்டரை யார் கொன்றிருப்பார் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை.

அந்த நிலையில்தான், கூட்டத்துக்குத் தாமதமான இயக்குநர் ஒரு நாள் துணிந்து லிஃப்ட்டில் ஏறினார். அது வழக்கமான இடத்தில் நின்றது.

இயக்குநர் செல்போனைக் கூரை வரை தூக்கிப் பார்த்தார். தரை வரை தாழ்த்திப் பார்த்தார். பத்து நிமிஷத்தில், உலகத்தில் தனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதை அவர் முதல்முறையாக உணர்ந்தார். மூலையில் ஒருத்தர் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"என்னம்மா அது?"

"கொலைக் கதை சார்."

"ஆபீஸ் நேரத்துலயா?"

"லிஃப்ட் ஓட ஆரம்பிச்சதும் மூடிடறேன் சார்."

இதற்கு விதியில் இடம் உண்டா என்று இயக்குநர் யோசித்தார். இடம் இருப்பதாகவும் தெரியவில்லை, இல்லாததாகவும் தெரியவில்லை. கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"திருப்பாதீங்கம்மா. நான் இன்னும் கீழ வரல."

முத்திரையக்கா காத்திருந்தார்.

"எனக்கு அந்தக் கம்பவுண்டர் மேலதான் சந்தேகம்."

"எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருந்துச்சு. போகப் போகப் பாருங்க."

"பாக்கவே வேணாம். ஆளோட முழியே சரியில்ல."

நாவலில் படம் எதுவும் கிடையாது.

அலுவலகங்களில் வாசிப்புப் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்து நெடுநாளாகி இருந்தது. அதை வாசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. லிஃப்ட்டை விட்டு இறங்கிய இயக்குநர் அதைத் தேடி எடுக்கச் சொன்னார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'செங்குத்து வாசிப்புத் திட்டம். பணிச்சுமை காரணமாக வாசிக்க நேரமில்லை என்னும் குறையினைக் களையும் பொருட்டு, மேற்படி மின்தூக்கி மேற்படி இடத்தில் நாள்தோறும் நிற்குமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறது.'

ஆனால் அதற்கு முந்தைய நாள் சாயங்காலமே மெக்கானிக் லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டிருந்தார். அலுவலக மேலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"யாரைக் கேட்டுய்யா ரிப்பேர் பண்ணினே?"

"நீங்கதான சார் மூணு கடுதாசி போட்டீங்க?"

"அது திட்டம் வர்றதுக்கு முன்னாடி. இப்ப பழையபடி கெடுத்துக் குடு."

"தானா கெட்டது ஒரு ஒழுங்கா கெட்டிருந்துச்சு சார். நாம கெடுத்தா அது எப்படிக் கெடும்னு சொல்ல முடியாது."

"எப்படியாவது கெட்டா சரி."

கெட்டது. திட்டம் வேகமாக வளர்ந்தது. லிஃப்ட்டுக்குள் நூறு புத்தகங்களோடு ஓர் அலமாரி வைத்தார்கள். அதன் எடை ஐந்து ஆள் எடை. வருகை குறிக்க ஒருவர், வாசிப்பதைக் கண்காணிக்க ஒருவர், வாசிப்பவரைப் படம் பிடிக்க ஒருவர். மொத்தம் எட்டு ஆள் எடை சரியாக வந்துவிட்டதால், வாசிப்பவர் ஏற இடமில்லாமல் போயிற்று. குழு கூடி ஆராய்ந்து புத்தகங்களை இறக்கியது.

ஒரே ஒரு புத்தகம் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் மிஞ்சியது. திட்டத்துக்குக் காரணமான நூல் என்பதால் இயக்குநர் அதைக் கேட்டு வாங்கி, 'மூலநூல்' என்று எழுதிப் பூட்டிவைத்திருந்தார். முத்திரையக்கா மேலாளரிடம் போனார்.

"சார், அது என் புத்தகம். நாப்பது பக்கம்தான் பாக்கி."

"அது இப்ப காட்சிப்பொருள்மா."

"ஒரு தடவ பாத்துட்டுத் தந்துடறேன்."

"தாராளமா பாருங்க. தொறக்கக் கூடாது."

"படிக்கறதுக்குத்தான சார் திட்டமே?"

"திட்டம் படிக்கறதுக்கு. புத்தகம் திட்டத்துக்கு. இதுகூடப் புரியலன்னா எப்படிம்மா?"

அடுத்து, எல்லா ஊழியரும் மூலநூல் பற்றி ஒரு பக்கம் கருத்து எழுதித் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. பூட்டியிருந்த புத்தகத்தைப் பற்றி எல்லாரும் குறித்த நாளுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்தார்கள். முடிவு சற்றும் எதிர்பாராதது என்று ஒருவர் விடாமல் பாராட்டியிருந்தார்கள். 'இன்னும் முடிக்கவில்லை' என்று எழுதியவர் முத்திரையக்கா மட்டும்தான். திட்டத்துக்கு ஒத்துழைக்காத ஊழியர் என்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்கும் முத்திரை குத்தினார்.

ஒரு குறை மட்டும் பாக்கியிருந்தது. கண்ணாடிப் பெட்டியோடு நின்று எடுத்த படங்களை அங்கிருந்தே ஊருக்குக் காட்ட முடியவில்லை. ஆகவே லிஃப்ட்டின் கூரையில் சிக்னல் கருவி பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து லிஃப்ட்டில் ஏறியவர்கள் தலையைக் குனிந்தால் நிமிர்வதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஆழ்ந்து வாசிப்பதுபோலவே இருந்தது.

முறைப்படித் தொடங்கி வைக்கத் துறைத் தலைவர் வந்தார். நாடா வெட்டி, இயக்குநரும் மேலாளரும் புடைசூழ லிஃப்ட்டில் ஏறினார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் நின்று கிளம்புவதாக ஏற்பாடு. நின்றது. கிளம்பவில்லை.

ஆறாம் மாடியில் அலுவலகமே கூடியது. "அப்பவே சொன்னேன்" என்றார் மெக்கானிக், யாரிடம் என்றில்லாமல். ஒரு மணி நேரம் போயிற்று. முத்திரையக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கதவு இடுக்கில் வாயை வைத்தார்.

"சார், மூலநூல் உள்ளதான இருக்கு?"

"பத்திரமா இருக்கும்மா!" என்றார் இயக்குநர் உள்ளிருந்து.

"சும்மாதான சார் நிக்கறீங்க? பெட்டியத் தொறந்து கடைசி நாப்பது பக்கத்தக் கொஞ்சம் சத்தமா வாசிங்க. எல்லாரும் கேட்டுக்கறோம்."

உள்ளே மூன்று செல்போன்கள் மாறி மாறி ஒலித்தன.

"நேரமே இல்லம்மா! லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட விஷயத்தப் போட்டேன், நானூறு பேர் விசாரிக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் போடணும்."

"அப்ப மேலாளர் சார்?"

"அவர் தலைவருக்கு வந்ததுக்குப் பதில் போட்டுட்டிருக்காரு!"

"பத்துப் பக்கமாவது சார்..."

"யாரு கொன்னாங்கன்னு தெரியணும், அவ்வளவுதான? கம்பவுண்டர்தாம்மா! ஆள விடுங்க!"

"அடப்பாவி, கம்பவுண்டரா!" என்று ஆறாம் மாடி வாயைப் பிளந்தது. முடிவு எதிர்பாராதது என்று எழுதிக் கொடுத்த அத்தனை பேருக்கும் அது எதிர்பாராததாகவே இருந்தது.

முத்திரையக்கா மட்டும் கதவு இடுக்கிலிருந்து காதை எடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் பூட்டு திறக்கும் சத்தமே உள்ளிருந்து வரவில்லை.

கடைசியில் கடப்பாரையால் நெம்பித்தான் கதவைத் திறந்தார்கள். அந்த நெம்பலில் பெட்டி உடைந்தது. எல்லாரும் துறைத் தலைவர் வெளியே வருவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"உங்களுதுதானக்கா?"

செங்குத்து வாசிப்புத் திட்டம் அந்த ஆண்டின் சிறந்த திட்டமாகத் தேர்வாயிற்று. கொன்றவர் கம்பவுண்டரே என்பது இத்திட்டத்தின் வாயிலாக உறுதி செய்யப்பட்டதாக ஆண்டறிக்கை குறிப்பிட்டது. பரிசாக ஒரு புதிய லிஃப்ட் வந்தது. அது எங்கேயும் நிற்பதில்லை. வாசிக்க நேரமே இல்லை என்று எல்லாரும் அதில் ஏறி இறங்கும்போது வருத்தப்பட்டுக்கொள்கிறார்கள். இப்போது படிக்கட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. முத்திரையக்கா மட்டும், "முட்டி வலிக்குப் படி ஏறறது நல்லதாம்" என்று படியில் போகிறார்.

ஜூலை 18 அன்று, ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்து அவர் நாவலை முடித்தார். கொன்றது கம்பவுண்டர் இல்லை. பின்னே யார் என்று அலுவலகத்தில் இதுவரை ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.