பதினொரு ஊர்களும் ஒரு முழங்காலும்

நான் பாடிப் புகழ்ந்த மனிதருள் பெரும்பாலோர் இறந்தவர்கள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தெற்கு லண்டனில் எம்மவராகிய ஈழத்தமிழர் வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும் கல்வெட்டு என்னும் நினைவு மலரில் காலமானவரின் வரலாற்றைச் செய்யுளாக்கித் தருவது நெடுங்காலம் என் தொண்டாக இருந்தது. பிறந்த ஊர், பெற்றோர், வகித்த பதவி, கட்டிய வீடு, பட்ட நோய், கண்ட பேரப்பிள்ளைகள் என்று வரிசை பிசகாமல் பாடி முடிப்பேன். பாடப்பட்டவர் எவரும் எழுந்து வந்து, இதை ஏன் எழுதினாய் என்று கேட்டதில்லை. இந்த வசதி எல்லாப் புலவர்க்கும் வாய்ப்பதன்று. உயிரோடிருப்பவரைப் பாடுவது வேறு தொழில் என்பதை நான் கற்றுக்கொண்ட இடம், ஸ்ட்ரெதமில் இருந்த ஒரு பனித்தள அரங்கு.

இரண்டாயிரத்து ஆறோ, ஏழோ. என் மனைவி பரமேஸ்வரியின் தம்பி குகன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தான். (இன்றும் வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் மட்டும் ஏனோ பின்னறையில் அவனுக்கு வேலை வந்துவிடுகிறது.) கடைக்கு மேலிருந்த அறையில் டேரன் என்ற கனடாக்காரர் குடியிருந்தார். ஊதியத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடுவது அவர் தொழில். அவர் அணியும் சட்டையில் தன் கடையின் பெயரைப் பொறிக்கச் செய்திருந்ததால், குகன் அவரைத் தன் குடும்பத்தில் ஒருவராகவே கருதினான்.

ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தான்.

“அத்தான், வாற ஞாயிறு மட்ச்சுக்கு ரீம் ஓனர் வாறார். டேரனை அடுத்த வருசமும் வைச்சிருக்கிறதோ, அனுப்புறதோ எண்டு அதைப் பாத்துத்தான் முடிவெடுக்கப் போறாராம். ஆளுக்கு முப்பத்தாறு வயசாச்சு. இங்க இல்லையெண்டா எங்க போறதெண்டு தெரியாமல் இருக்கிறார். இடைவேளையில ஸ்பொன்சர் பண்ணின ஆக்கள் பேசலாமாம். மைக்கைக் கண்டா எனக்கு நாக்கு எழும்பாது. நீங்கள் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கோ.”

“சொல்லலாம். ஆனா எனக்குப் பாட்டாத்தான் வரும்.”

குகன் வாசல்வரை போய்த் திரும்பினான். “சரி. சின்னப் பாட்டா.”

‘சின்ன’ என்ற அச்சொல்லை நான் உரிய கவனத்தோடு கேட்டிருக்கலாம்.

மறுநாள் குறிப்பேட்டுடன் கடையின் மேல்மாடிக்குச் சென்றேன். டேரன் இடக்காலை ஒரு நாற்காலியின் மேல் நீட்டி, முழங்காலில் குகனின் கடையில் விற்கும் உறைந்த தேங்காய்ப்பூப் பையொன்றை வைத்துக்கொண்டு இருந்தார். கல்வெட்டுக்குக் கேட்கும் கேள்விகளையே அவரிடமும் கேட்டேன். தந்தை மரம் ஏற்றும் லொறி ஓட்டியவர். தாய் பள்ளிக்கூடச் சமையற்காரி. எத்தனை கோல் அடித்திருக்கிறீர்கள் என்றேன்.

“அது என் வேலை இல்லை, சார். அடிக்க வருகிறவனை வரவிடாமல் நிற்பதுதான் என் வேலை.”

கோயில் வாயிலில் கதாயுதத்தோடு நிற்கும் துவாரபாலகர் என் மனக்கண்ணில் தோன்றினார். குறித்துக்கொண்டேன்.

பிறகு ஆடிய அணிகளைச் சொன்னார். கனடாவில் மூன்று, அமெரிக்காவில் நான்கு, ஜெர்மனியில் இரண்டு, டென்மார்க்கில் ஒன்று, இறுதியில் எங்கள் ஸ்ட்ரெதம். எங்கும் இரண்டு பருவங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. சில ஊர்களில் அவரை வேறோர் அணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஓர் ஊரில் அணியே கலைந்தது. இன்னோர் ஊரில் காலையில் பயிற்சிக்குப் போனபோது அவருடைய பை, கட்டப்பட்டு வாசலில் இருந்ததாம்.

வேறொருவர் கேட்டிருந்தால், எவருக்கும் வேண்டாத ஆட்டக்காரர் என்று எண்ணியிருக்கக்கூடும். எனக்கோ மெய்சிலிர்த்தது. தலந்தலமாகச் சென்று, தங்கி, தொண்டு செய்து, உடைமை எதுவுமின்றிப் புறப்படும் அடியவரின் யாத்திரையன்றோ இது! அதிலும் ஊர்கள் பதினொன்று. பதிகத்துக்குப் பாட்டுகள் பதினொன்று. பத்திலே பொருளைப் பாடி, பதினோராவதில் பாடியவன் தன் பெயரைச் சொல்லி நிறைவு செய்வான். நிறைவுப் பாட்டு ஸ்ட்ரெதமுக்கு என்று அப்போதே முடிவாயிற்று.

எழும்போது, “காலில் என்ன?” என்றேன்.

“எலும்போடு எலும்பு உரசுகிறது. ஓனருக்குத் தெரியாது, சார். நமக்குள்ளே இருக்கட்டும்.”

இந்த இடத்தில்தான் என் கல்வி என்னைக் கைவிட்டது. அடியவர்கள் தாம் செய்த தியாகத்தை மறைக்கவே சொல்வார்கள். அவர்கள் வரலாற்றை எழுதியவர்கள் மறைத்ததில்லை. மறைத்திருந்தால் இன்று நமக்குத் தெரிந்திராது. எங்கள் மரபில் தன் உடம்பிலிருந்து ஓர் உறுப்பைக் கொடுத்தவருக்கு மேலான தொண்டர் இல்லை. இவரோ முழங்காலையே கொடுத்திருக்கிறார். இதை அறிந்த பின்பும் ஓர் உரிமையாளர் அவரை அனுப்புவாரா? இவ்வாறு சிந்தித்தபடி பேருந்தில் என் வீடிருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் இறங்காமல் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்தேன்.

சட்டம் படித்துக்கொண்டிருந்த மகள் அபிராமி, பாட்டுகளை ஆங்கிலமாக்கி என்னோடு நின்று வாசிக்க இசைந்தாள். ஒன்பதாம் பாட்டு மட்டும் அவள் கைக்குப் போகவில்லை. அதற்கு எதுகை அமையாமலே இருந்து, ஞாயிறு மாலை அரங்கில் காத்திருக்கும்போதுதான் அமைந்தது.

முதல் இடைவேளை வந்தது. பனிமீது ஒரு கம்பளம் விரித்து, டேரனை அதன் ஓரத்தில் நிறுத்தினார்கள். வேட்டி, சால்வை, திருநீறு ஆகியவற்றோடு சென்ற நான், பாதணியோடு பதிகம் பாடும் வழக்கம் இல்லாதவனாகையால், செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் ஏறினேன்.

“அப்பா, அது ஐஸ்!” என்றாள் அபிராமி.

“கம்பளம்தானே பிள்ளை,” என்றேன்.

முதற்பாட்டைப் பண்ணோடு தொடங்கினேன். கூட்டம் அமைதியாயிற்று. (அது பக்தி என்று எண்ணினேன்.) துவாரபாலகர் பாட்டுக்குக் கைதட்டினார்கள். ஆறாம் பாட்டு, டேரன் ஆட்டத்தின் நடுவே அடிக்கடி போய் அமரும் கண்ணாடி அறையைப் பற்றியது. பிறர் ஓடியாடும்போது தான் மட்டும் இரண்டு நிமிடம் தனித்திருந்து தவம் செய்வதாகப் பாடியிருந்தேன். அது முரட்டாட்டத்துக்குத் தரும் தண்டனை என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. அபிராமி அதை ஆங்கிலத்தில் வாசித்ததும் அரங்கம் கால்களால் தரையை உதைத்து ஆரவாரித்தது. உரிமையாளரும் முன்வரிசையில் தேநீர்க் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் பாட்டில் குளிர் கம்பளத்தைக் கடந்து வந்தது. ஒரு காலை உயர்த்தி மறுகாலில் நின்றேன். பின் மாற்றினேன். எட்டாம் பாட்டில் மாற்றும் வேகம் கூடிற்று. கூட்டம் அதை நடனம் என்று கொண்டு தாளம் போடத் தொடங்கியது. பனியைச் சீராக்கும் பெரிய வண்டியை ஓட்டுபவரும் ஓரத்தில் காத்திருந்தபடி அதன் ஒலிப்பானால் தாளத்தில் சேர்ந்துகொண்டார்.

இத்தகைய வரவேற்பின் உச்சத்தில் ஒன்பதாம் பாட்டைப் பாடினேன்:

*முழந்தாள் இரண்டினுள் ஒன்றை முழுவதும் தேய்த்தே தந்தான்;*
*எழுந்தால் நடுங்கிடும் காலால் எதிரியைத் தடுத்தே நின்றான்.*

அபிராமி தாளைப் பார்த்தாள். ஒலிவாங்கியைக் கையால் மூடினாள்.

“அப்பா, இது வேண்டாம். ப்ளீஸ். பத்துக்குப் போங்கோ.”

“ஒன்பதை விட்டிட்டுப் பத்துக்குப் போக ஏலாது. பதிகம் குறைப்படும். வாசி.”

அவள் கையை எடுத்துவிட்டு, அவர் தம் இதயம் முழுவதையும் கொடுத்து ஆடுகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மக்கள் நெகிழ்ந்தார்கள். என்னைக் காப்பாற்ற என் மகள் செய்த அந்த முயற்சியை இன்று நன்றியோடு நினைக்கிறேன். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், மொழிபெயர்ப்புப் பிழை என்பதுதான். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களை முகவரி பிசகாமல் தரம்பிரித்து வேலை செய்தவன் நான். சொல் இடம்மாறினால் பொறுக்கமாட்டேன். ஒலிவாங்கியை வாங்கி, தெளிவான ஆங்கிலத்தில் திருத்தினேன்.

“இதயம் அன்று. முழங்கால்.” ஐயம் நேராதிருக்க டேரனின் இடக்காலைச் சுட்டிக்காட்டினேன். “அது. முற்றாகப் போய்விட்டது.”

தாளம் நின்றது. உரிமையாளரின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. டேரன், யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் தம் முழங்காலைக் குனிந்து பார்த்தார். நான் பத்தாம் பாட்டைப் பாடினேன். பதினோராவதில், இவர் பயணம் ஸ்ட்ரெதமில் இனிதே நிறைவுற்றது என்று பாடி, என் பெயரையும் சொல்லி முடித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் உரிமையாளர் என்னிடம் வந்து கைகொடுத்தார். மனத்தைத் தொட்டது என்றார். முழங்கால் விவரம் தமக்குப் புதியது என்றும் சொன்னார்.

திங்களன்று டேரனை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அடுத்த ஆண்டு அவர் தேவையில்லை என்று கடிதம் வந்தது. குகன் கடையில் ஆட்கள் நிற்கும்போதே கேட்டான்:

“நான் நாலு நல்ல வார்த்தை கேட்டன் அத்தான். நீங்கள் உயிரோட நிண்ட மனிசனுக்கு அந்தியேட்டி செய்திட்டு வந்திருக்கிறியள்!”

மன்னிப்புக் கேட்க மேல்மாடிக்குப் போனேன். டேரன் பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்வதை முழுவதும் கேட்டார். பிறகு, நான் கையில் கொண்டுபோயிருந்த, கண்ணாடிச் சட்டமிட்ட பதிகத்தைத் தாம் எடுத்துச் செல்லலாமா என்று கேட்டார்.

“என்னை வெளியே அனுப்பியவர்கள் நிறையப் பேர், சார். அனுப்பிய ஊர்களை ஒன்று விடாமல் சொன்னவர் நீங்கள்தான்.”

அது பாராட்டா, வேறொன்றா என்று இன்றளவும் எனக்குத் தெளிவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. பன்னிரண்டாவது அணி கிடைத்திருக்கிறது, இந்த ஊருக்கும் ஒரு பாட்டு வேண்டும், முழங்கால் வேண்டாம். பதிகத்தில் பன்னிரண்டாம் பாட்டுக்கு இடம் தேடி மூன்று நாள் வருந்தினேன். பிறகு எழுதி அனுப்பினேன். பதினோராவதில் முடிந்த பயணத்தை மறுபடி தொடங்கிவைப்பதற்கே அதில் பாதிப் பாட்டு செலவாயிற்று.

எங்கள் வீட்டில் அன்றுமுதல் ‘முழங்கால்’ என்பது உடலுறுப்பின் பெயராக இல்லை. சபையில் நான் ஓர் உண்மையைச் சொல்ல வாய் திறக்கும்போது யாராவது அதை உரக்கச் சொல்வார்கள்; நான் வாயை மூடவேண்டும். சில ஆண்டுகளின் பின் அபிராமியைப் பெண் பார்க்க இல்ஃபோர்ட்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் சிரித்தபடி, “பிள்ளைக்குக் கோவம் கீவம் வருமோ?” என்று என்னிடம் கேட்டார். என்னிடம் மூன்று எடுத்துக்காட்டுகள் இருந்தன. தொண்டையைச் செருமினேன்.

“முழங்கால்!” என்று குசினிக்குள், அடுப்படியிலிருந்து கத்தினாள் பரமேஸ்வரி.

வந்தவர் பதறி எழுந்தார். “ஐயோ, தங்கச்சிக்கு முழங்கால் நோவோ?”

“ஓம் அக்கா,” என்றது என் மனைவியின் குரல். “கொஞ்ச நாளா.”

திருமணம் நடந்தது. அன்றுதொட்டு இல்ஃபோர்ட்டில் காரை விட்டு இறங்கியது முதல் சம்பந்தி வீட்டு வாசல்வரை பரமேஸ்வரி நொண்டித்தான் நடக்கிறாள். எந்தக் கால் என்பது அவளுக்கு நினைவிருப்பதில்லை. சம்பந்தி அம்மா அதை, நோய் மற்றக் காலுக்கும் பரவிவிட்டதென்று எடுத்துக்கொண்டு, இப்போதெல்லாம் காலுக்கு ஒன்றாக இரண்டு போத்தல் நோவெண்ணெய் கொடுத்தனுப்புகிறார்.