மானின் போனில் மாறாத பக்கம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் சொன்ன சொல் தவறாமல் ஆண்டு வந்தது. இந்த முதல் வரியையே நான் பல வருடங்களாக நம்பவில்லை. கதையை எனக்குச் சொன்னது ஒரு குரங்கு. ஆனாலும் கேட்டபடியே எழுதுகிறேன். சந்தேகத்தில் கை வைத்துத் திருத்தினால் அது என் பொய்யாகிவிடும்.

அந்தக் காட்டில் இரண்டு குளங்கள், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. சிங்கம் இன்று எந்தக் குளத்தில் வேட்டையாடும் என்று நரி தினமும் காலையில் அரண்மனை இணையப் பக்கத்தில் போடும். மிருகங்கள் செல்போனில் பார்த்துவிட்டு மற்றக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகும். சிங்கமும் தன் போனில் அதே பக்கத்தைப் பார்த்துத்தான் கிளம்பும்.

கோமளி என்ற மானின் போனில் மட்டும் பக்கம் மாறவே இல்லை. எப்போது திறந்தாலும் 'இன்று வடக்குக் குளம்'. அது குட்டியைக் கூட்டிக்கொண்டு தினமும் தெற்கே போய்வந்தது.

ஒருநாள் பக்கத்துப் புதர்க் காட்டுப்பன்றி வழிமறித்தது. "என்னக்கா, ராசா இன்னைக்குத் தெற்கேன்னு போட்டிருக்கு. நீ அங்கேருந்தே வர்றே! உயிரு வேணாமா?"

"என் போன்ல வடக்குன்னுதானே இருக்கு?"

"உன் போன்ல போன பொங்கல் வாழ்த்தே இன்னும் போயிருக்காது. வடக்கே போன முயல் திரும்பி வரலை, தெரியுமா? உன்ன மாதிரிதான் பழைய பக்கத்தைப் பாத்து ஏமாந்திருக்கும். பிள்ளைய வச்சிருக்கே, பாத்துக்க."

கோமளி நேரே புளியமரத்துக்கு ஓடியது. அங்கேதான் குரங்கு போன் ரிப்பேர் கடை வைத்திருந்தது. அரண்மனைப் போன்களையும் அதுதான் பார்க்கும்.

குரங்கு போனைப் புரட்டியது. "ஒண்ணுமில்லம்மா, கேச். நான் பழத்தைக் கன்னத்துல அடக்கி வச்சுக்கறேன்ல, அப்படி உன் பிரவுசர் பழைய பக்கத்தை அடக்கி வச்சிருக்கு. கேட்டா அதையே எடுத்துக் காட்டுது. மரம் ஏறிப் புதுசு பறிக்கச் சோம்பல்."

"துப்ப வைங்கண்ணே."

குரங்கு செட்டிங்ஸுக்குள் போய் கேச்சை அழித்தது. மறுநாள் காலையில் பக்கம் பளிச்சென்று வந்தது: 'இன்று தெற்குக் குளம்'.

கோமளி முதல்முறையாக ஊரோடு ஒத்து வடக்கே போனது. நல்ல கூட்டம். குனிந்து ஒரு வாய் குடிப்பதற்குள் சிங்கம் பாய்ந்தது. பன்றி அதன் வாய்க்குள் போயிற்று. கோமளி குட்டியோடு நாணலுக்குள் பதுங்கியது.

சிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டு, கூட வந்திருந்த நரியிடம் சொன்னது: "விசுவாசத்தைப் பாத்தியாய்யா! வடக்கேன்னு நானே அறிவிச்சும் தேடி வந்து நிக்குதுங்க."

கரையில் கிடந்த சிங்கத்தின் போனைக் கோமளி எட்டிப் பார்த்தது. 'இன்று வடக்குக் குளம்'. தன்னிடம் இருந்த அதே பழைய பக்கம்! நரிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் மகாராஜாவிடம் உங்கள் பக்கம் பழசு என்று யார் சொல்வது? நரிக்கும் உயிர் வெல்லம்தானே.

கோமளி திரும்பவும் புளியமரத்துக்கு ஓடியது. "அண்ணே, அந்தப் பழைய பக்கத்தையே வச்சுக் குடுங்க!"

"துப்பினதைத் திரும்பக் கன்னத்துல வைக்க முடியுமாம்மா?"

அன்றிலிருந்து கோமளி போனைத் திறக்காமல் தெற்கே மட்டும் போனது. காரணத்தைச் சொன்னபோதெல்லாம், "இன்னும் பழைய பக்கத்துலயே இருக்கா பாவம்" என்று சிரித்துவிட்டு மற்றவர்கள் வடக்கே போனார்கள்.

குரங்கு இங்கே கதையை முடித்துவிடும். எனக்குத்தான் முடியவில்லை. எல்லார் போனையும் சரிசெய்து வடக்கே அனுப்பிய குரங்கு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் என் எதிரே உட்கார்ந்து இதைச் சொல்கிறது. கேட்கலாமா, கேட்டால் நான் எப்படிப்பட்டவன் ஆவேன் என்று வருடக்கணக்கில் தயங்கினேன். போன வாரம் கேட்டே விட்டேன்:

"குரங்கே, நீ எந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தாய்?"

நீதி: உங்கள் பிரவுசரைச் சரிசெய்யுமுன், அரசரின் பிரவுசர் எந்தத் தேதியில் நிற்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.