கரும்புள்ளி ரோஜா

இருபத்தெட்டு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன் நான். கறை இருந்தால் குறை. கறை இல்லாவிட்டால் தையலில் குறை. ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டைச் சோதிக்க ஆரம்பித்தேன். தட்டுகள் உயரவாரியாக இல்லை. துண்டின் மடிப்பு நேராக இல்லை. உப்பு டப்பாவின் மூடி கோணல். மனைவி மூன்றாவது வாரம் நான்கு ரோஜாத் தொட்டிகளோடு வந்து இறங்கினாள்.

ஒரே பார்வையில் சொல்லிவிட்டேன். "இலையெல்லாம் கருப்பா வட்ட வட்டமா இருக்கே! சுத்தி மஞ்சள் வேற. நர்சரிக்காரன் உன் தலையில கட்டிட்டான்."

"அப்படியா? எனக்கென்ன தெரியும்? தூக்கிப் போட்டுடவா?"

"போடறதாவது! நான் பிழைக்க வச்சுக் காட்டறேன், பாரு."

அதன்பிறகு சமையலறைப் பக்கம் போக எனக்கு ஏது நேரம்? நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். கரும்புள்ளி நோயாம். வீட்டில் என் பெயருக்கு நேரே விழுந்திருந்த கரும்புள்ளிகளைவிட இது எவ்வளவோ தேவலை, வைத்தியம் உண்டு. உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். புள்ளி விழுந்ததைக் கிள்ளினேன். இலை நனையாமல், காலையில், வேருக்கு மட்டும் தண்ணீர். உள்ளே காற்று புக நெருக்கமான கிளைகளை வெட்டினேன். நோய் அடங்கியது. மொட்டு வந்தது. மொட்டோடு பூச்சியும் வந்தது.

நண்பனிடம் போனில் புலம்பினேன். "தினமும் அசுவினி மூஞ்சியிலதான்டா முழிக்கிறேன்."

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். "யாருங்க அவ?"

"பூச்சிம்மா! பச்சையா, பொடிசா, மொட்டுல கும்பலா உக்காந்து சாறு உறிஞ்சும்."

"என்ன பண்ணா போகும்?"

"சோப்புத் தண்ணி அடிச்சா போயிடும்."

"அப்ப சரி. எந்த அசுவினியா இருந்தாலும் போயிடுவா."

மூன்றாம் மாதம் பதினோரு பூ. நான் மார்தட்டிக்கொண்டிருந்தபோது மனைவி இன்னும் இரண்டு தொட்டி வாங்கி வந்தாள். இலை முழுக்க மாவு பூசியதுபோல் வெள்ளை, சாம்பல் நோய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் தெரியாதவளை இப்படியா ஏமாற்றுவது? நேரே நர்சரிக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

நர்சரிக்காரர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்ல செடியாத்தான் காட்டினேன் சார். அம்மா தொட்டுக்கூடப் பாக்கல. 'சீக்கு புடிச்சதா குடுங்க, வீட்ல குறை கண்டுபிடிக்கிறவர் ஒருத்தர் சும்மா இருக்கார்'னாங்க. குப்பைக்கு ஒதுக்கினதைத்தான் எடுத்துட்டுப் போனாங்க."

திரும்பி நடந்தேன். கோபப்பட்டுப் பார்த்தேன், கோபம் நிலைக்கவில்லை. எத்தனை ஆயிரம் சட்டைகளைக் கழித்துக் கூடையில் எறிந்திருப்பேன்! ஒன்றையாவது மடியில் வைத்துப் பிரித்துத் தைத்திருப்பேனா? குறையைக் கண்டுபிடித்த கையாலேயே அதைச் சரிசெய்தது இந்த மூன்று மாதத்தில்தான். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

இருந்தாலும் சும்மா விட முடியுமா? கேட்டே தீருவது என்று வாசலில் கால் வைத்தேன். அங்கே பக்கத்து வீட்டம்மாவும் நின்றிருந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "புதுச் செடிக்கு இன்னும் மருந்து அடிக்கலையே?"

"இல்லை. ஏன்?"

"ஒண்ணை அப்படியே விட்டு வைங்க. அடுத்த மாசம் இவங்க வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆகிறாராம்."