தேய்ந்த கத்தியும் தேயாத உறையும்

“இன்னுங் கொஞ்சம் தேயுங்கண்ணா.”

“தம்பி, இதுக்கு மேல தேய்ச்சா காது குடையத்தான் ஆகும்.”

சாணைச் சக்கரத்தை மிதித்துக்கொண்டிருந்த கஸ்பார் காலை நிறுத்திவிட்டு, கத்தியைச் சுப்பையனிடம் நீட்டினார். வெண்ணந்தூர்ச் சந்தைக்கு வரும்போது விரற்கடை அகலம் இருந்த மடக்குக்கத்தி அது. இப்போது காற்றடித்தால் அலகு ஆடியது.

சுப்பையன் அதை மடக்கப் பார்த்தான். அலகு ஒடிந்து கீழே விழுந்தது. விழுந்த இடத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நயா பைசா வந்த வருடம் அது. வெள்ளிக்கிழமை சுப்பையன் இராசிபுரம் பக்கம் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண்ணின் தகப்பனார் அங்கமுத்து ஜாதகம் பார்ப்பதில்லை. மாப்பிள்ளையின் இடுப்பிலிருக்கும் மடக்குக்கத்தியைத்தான் பார்ப்பார். உழைக்கிறவன் கத்தி தேய்ந்திருக்கும், சோம்பேறியின் கத்தி மினுங்கும் என்பது அவருடைய சாஸ்திரம். ஒருவனுடைய கத்தியைப் பிரித்துப் பார்த்து, “இது பாக்கு நறுக்குன கத்தி, காடு பாத்த கத்தியில்ல” என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். இன்னொருவனுடைய தோல் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, அவன் மத்தியானம் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறான் என்று சொன்னார். அந்தப் பையன் ஆத்தூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனான்.

சுப்பையனுக்கு முப்பத்திரண்டு வயது. காடு இருந்தது, கிணறு இருந்தது, வேலை செய்ய ஆட்கள் இருந்தார்கள். அவன் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். கத்தியின்மேல் கடைக்காரன் பூசிக் கொடுத்த எண்ணெய்கூடக் கலைந்ததில்லை.

“இந்த எடமுந் தட்டிப் போச்சுன்னா, உனக்கு அந்தக் குடையவே கட்டி வெச்சிருவேன் சாமி” என்று அவன் தாய் சென்னியம்மாள் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

“இப்ப நான் என்னுங்க பண்றது?” என்றான் சுப்பையன்.

கஸ்பார் சேலத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் சாணையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஒவ்வொரு ஊராகச் சுற்றுவார். பெட்டியைக் கிளறி, துணியில் சுற்றிய ஒரு கத்தியை எடுத்தார்.

“சாணைக்கு வந்த கத்தி. நம்ம கிட்ட ஒரு வாரம் இருக்கும். இரவல் தரேன். யாருதுன்னு கேக்காதீங்க.”

“கேட்டா?”

“எனக்கும் ஞாபகமில்லை. பொய் சொன்னா சாமியார்கிட்டப் போய் முட்டி போடணும். கேக்காதீங்க.”

சுப்பையன் பிரித்துப் பார்த்தான். மூன்றாம் பிறைபோல் வளைந்து தேய்ந்த அலகு. கொம்புப் பிடியில் பெருவிரல் பதிந்து பதிந்து விழுந்த பள்ளம். பார்த்த மாத்திரத்தில் வேலை செய்த களைப்பு வந்தது அவனுக்கு.

வீட்டுக்கு வந்து தன் உறையில் அதைச் செருகியபோதுதான் அடுத்த சங்கடம் தெரிந்தது. கத்தி கிழவன், உறை பச்சைக் குழந்தை. சிவந்த தோல், பளபளக்கும் பொத்தான், கடை வாசம்.

“வெளக்கெண்ணெயில ஊறப் போடு சாமி” என்றாள் சென்னியம்மாள்.

ஊறப் போட்டான். எண்ணெய் வாசத்துக்கு நாய் வந்து உறையைக் கவ்விக்கொண்டு ஏரி வரைக்கும் ஓடியது. துரத்தி மீட்டபோது உறையில் பல் தடம் வரிசையாக இருந்தது, அகலமும் ஏறியிருந்தது. கத்தி உள்ளே குலுங்கியது.

“கஞ்சி போட்டாச் சுருங்கும்.”

மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி உறையை முக்கி வெயிலில் வைத்தார்கள். சுருங்கவில்லை, அப்பளம்போல் விறைத்தது. தட்டினால் கதவு தட்டுவதுபோல் கேட்டது. இளகட்டும் என்று கட்டுத்தறியில் பனி விழும் இடத்தில் தொங்கவிட்டான். மரவள்ளி மணத்தைப் பிண்ணாக்கென்று நினைத்த எருமை, அதை வாயில் வாங்கிவிட்டது.

எருமையின் வாயிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்குவது நடக்கிற காரியமில்லை. அது விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. விடிய விடிய அசைபோட்டுவிட்டு, காலையில் பால் கறக்கும் நேரத்துக்குத் தானாகவே திருப்பிக் கொடுத்தது. முப்பது வருடத் தேய்மானத்தை ஒரே இரவில் செய்து முடித்திருந்தது. நம்பாதவர்கள் அந்த எருமையைத்தான் கேட்க வேண்டும். அதுவும் இப்போது இல்லை.

நாற்றம் மட்டும் மிச்சம். அதற்குக் கஸ்பார் தன் பெட்டியிலிருந்த கோயில் சாம்பிராணியைக் கொடுத்தார். உறையைக் கூடையில் கவிழ்த்துப் புகை பிடித்தார்கள். இப்போது பூசைக்குப் போய்வந்த எருமைபோல் மணத்தது.

வெள்ளிக்கிழமை அங்கமுத்து வீட்டுக் கூடத்தில் தாயும் மகனும் உட்கார்ந்தார்கள். அங்கமுத்துவின் இடுப்பில் கறுத்து மெருகேறிய உறை ஒன்று இருந்தது. பேசும்போதெல்லாம் அதை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

“கத்தி வெச்சிருக்கீங்களா, தம்பி?”

“வெச்சிருக்கறனுங்க மாமா.”

வாங்கிப் பிரித்தார். ஒரு கண்ணை மூடி அலகு நெடுகப் பார்த்தார். முகத்தில் ஏதோ இளகியது. மனைவியைக் கூப்பிட்டார்.

“நல்லம்மா, இங்க வந்து பாரு. இது சும்மா தேஞ்ச தேய்மானமில்ல. தெனம் வேலை. ஒரு நாளு ஓய்வில்ல.” முகர்ந்தார். “வெங்காயம்.”

“ஆமாங்க. வெங்காயம் போட்டிருக்கறோமுங்க.”

“எத்தன வருசம் பாடுபட்டா இரும்புல இப்புடி வாசம் எறங்கும்?” பிடியைத் திருப்பியவர் சட்டென்று நிமிர்ந்தார். “பள்ளம் மறுபக்கம் இருக்குது. நீங்க எடக்கைங்களா?”

இல்லையென்றால் கத்தி தன்னுடையதில்லை என்றாகிவிடும்.

“ஆமாங்க” என்றான் சுப்பையன். சென்னியம்மாளுக்கு இருமல் வந்தது.

நல்லம்மாள் மோர் கொண்டுவந்தாள். சுப்பையன் இடக்கையை நீட்டி வாங்கினான். பாதி மோர் சட்டைக்குப் போனது; மீதி காதுப் பக்கமாகப் போனது.

“எடக்கைல வாங்குறாரே” என்று நல்லம்மாள் முணுமுணுத்தாள்.

“மறைக்காம வாங்குறாரு பாத்தியா? அதுதான் மனுசன்” என்றார் அங்கமுத்து. கத்தியை உயர்த்திப் பிடித்தார். “ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இந்தக் கத்தியத் தேய்ச்ச கை எந்த ஊட்டுல இருக்குதோ, அந்த ஊட்டுல ஒரு நாளும் அடுப்பு அணையாது.”

சென்னியம்மாள் மனசுக்குள் பந்தல்கால் நட்டுவிட்டாள்.

“உறை?” என்றார் அங்கமுத்து.

சுப்பையன் கொடுத்தான். அவர் தடவினார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“தம்பி, இத யாரு தின்னது?”

“எருமைங்க.” பயத்தில் உண்மை வந்துவிட்டது.

“அதுக்கு முந்தி?”

“நாய்ங்க.”

“சாம்பிராணி?”

“சேலத்துக்காரர் ஒருத்தருங்க.”

அங்கமுத்து உறையைப் பாயில் வைத்துவிட்டு, கத்தியைச் சுப்பையன் கையில் கொடுத்தார். “கத்திக்கு வயசு முப்பது இருக்கும். உறைக்கு ஒரு வாரங்கூட ஆகல. ரெண்டும் ஒரே இடுப்புல இருந்ததில்ல. நான் எந்திரிங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்களே எந்திரிச்சுக்கலாம்.”

சென்னியம்மாள் எழுந்தாள். சுப்பையன் சட்டையில் மோரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

“போறதுக்கு முந்தி ஒரு உறை எப்புடி இருக்கோணுமின்னு பாத்துட்டுப் போங்க.” அங்கமுத்து தன் இடுப்பு உறையை அவிழ்த்தார். “கலியாணத்தன்னைக்கு இடுப்புல ஏறுனது. தெனமும் தொறக்கறேன், தெனமும் மூடறேன்.”

பொத்தான் திறக்கவில்லை. நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்தார். நல்லம்மாள் சுக்குத் தட்டும் கல்லை எடுத்துவந்து கொடுத்தாள். இரண்டு தட்டுத் தட்டியதும் துருவாக உதிர்ந்து திறந்தது.

உறையைப் பெருமையாகக் கவிழ்த்தார். பாயில் விழுந்தது உடைந்த அகப்பை ஒன்றின் காம்பு. கத்தியின் நீளத்துக்கு அளந்து நறுக்கியிருந்தது.

அங்கமுத்து உறையைக் கீழே போட்டார். இந்த மாதிரி நேரத்தில் கையில் இருக்கும் பொருளை எங்காவது வைத்துவிட வேண்டும் என்று தோன்றும். சுப்பையன் கத்தியை மடக்கி, பக்கத்திலிருந்த உறைக்குள் விட்டான். அது அங்கமுத்துவின் உறை. தாய்க்கோழியின் இறக்கைக்குள் குஞ்சு போவதுபோல் கத்தி உள்ளே போய் அடங்கியது. ஒரு நூல் இடம் மிச்சமில்லை.

“ஏனுங்க தம்பி,” அங்கமுத்துவின் குரல் இறங்கியிருந்தது, “இந்தக் கத்தி உங்களுக்கு எங்க கெடச்சுது?”

“சாணைக்காரர்கிட்ட இரவல் வாங்குனனுங்க மாமா.”

“இது என்ற கத்தி. நேத்துக்கூட இதுலதான் கவுறு அறுத்தேன்.”

“எந்தக் கவுறுங்க?” என்றாள் நல்லம்மாள்.

அங்கமுத்து யோசித்தார். முந்தாநாள் கயிற்றையும் யோசித்தார். போன வருடத்துக் கயிறுவரை போய்ப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

கூப்பிடுவதற்கு முன்னாலேயே மகள் வசந்தாமணி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். தலையில் பூ இருந்தது. விரலில் அரிவாள்மனை வெட்டிய காயத்துக்குத் துணிக்கட்டு. கண்ணில் வெங்காயக் கண்ணீர். இடக்கையை நீட்டி உறையிலிருந்து கத்தியை உருவினாள். பெருவிரல் தேடாமலே பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

“சாணைக்குக் குடுத்தது ஒரு வாரமா வரலையேன்னு இருந்தேன்” என்றாள். “வெங்காயம் பாதியில நிக்குதுங்கப்பா, கத்தி எனக்கு வேணும். உறைய மாப்பிள்ளைக்கே குடுத்துருங்க.”