ஜேட் வாத்துகளும் வூஷி மாமியாரும்

இந்தத் தடவை வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும். தீர்மானமே போட்டுவிட்டேன்.

வூஷியிலிருந்து தன் அம்மா வந்து மூன்று மாதம் தங்கப்போவதாக என் மனைவி ருய்லான் அறிவித்திருந்தாள். மாமியார் ரிட்டையரான தலைமை ஆசிரியை. நான் நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தத்துக்குக்கூட மார்க் போடுவார்.

நேருக்கு நேர் எதிர்க்க வீரம் போதவில்லை. பழைய ஜேட் கல் சிற்பங்கள் சேர்க்கிற அடுத்த வீட்டு சியாங்கிடம் போனேன்.

“அண்ணே, நல்ல சகுனமா ஒரு சாமான் இரவல் குடுங்க.”

“வௌவால் இருக்கு. வீட்டுக்கு அதிர்ஷ்டம்.”

“ஏற்கெனவே ஒண்ணு வூஷியிலேர்ந்து பறந்து வருது. வேற?”

“பீச் பழம். நீண்ட ஆயுள்.”

“யாருக்கு, மாமியாருக்கா? வேணவே வேணாம்!”

கடைசியில் ஒரு தாமரை இலையடியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு வாத்துகளை எடுத்தார். “புருஷன் பொண்டாட்டி பிரியாம இருக்கிறதுக்கு அடையாளம். தாத்தா காலத்துச் சாமான், கீழே போட்டுடாதே.”

பூப்போல ஏந்திவந்து மேஜையில் வைத்தேன்.

“என்னங்க இது, கொழுக்கட்டையா?” என்றாள் ருய்லான்.

“வாத்து!”

“ஓகோ. வாத்து இருக்கு, மடையன் எங்கேன்னு பார்த்தேன். பக்கத்துலயே நிக்கிறார்.”

காதில் விழாத மாதிரி தொடர்ந்தேன். “ஒரே இலை, ரெண்டே வாத்து. இது இருக்கிற வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும்தான் இருக்கணும். மூணாவது ஆள் தங்கினா ஆகாது!”

அவள் சிற்பத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்போ அம்மா வரக்கூடாது?”

“எனக்கும் வருத்தம்தான். சகுனமாச்சே!”

“நாம பிரியவும் கூடாது?”

“ஒரு ராத்திரிகூட!”

“சத்தியமா?”

“சத்தியமா!”

உடனே போனை எடுத்தாள். “அம்மா, நீ மூட்டை கட்டாதே. இங்கே சகுனம் சரியில்லையாம். நானே அங்கே வரேன்.”

எனக்குச் சிறகு முளைத்தது.

“ஆமாம், மூணு மாசம். தனியா எப்படிம்மா வருவேன்? ஒரு ராத்திரிகூட என்னைப் பிரியமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கார். கூட்டிட்டுத்தான் வருவேன்.”

“ஐயோ ருய்லான், அங்கேயும் மூணு பேர் ஆயிடுமே!”

“வாத்து இருக்கிற வீட்டுலதானே ஆகாதுன்னீங்க? அதைத் திருப்பிக் குடுத்துடலாம்.”

“அப்போ சத்தியமும் போச்சு இல்லே?”

“வாத்து இரவல்ங்க. சத்தியம் உங்களோடது.”

மறுநாள் வூஷியில் மாமியார் கதவைத் திறந்தார். என் பெட்டியை வாங்கிக்கொண்டு கையில் ஒரு பெயிண்ட் பிரஷைத் திணித்தார்.

“வாங்க மாப்ளே! வெள்ளையடிக்க நீங்க வருவீங்கன்னு ருய்லான் போன வாரமே சொல்லிட்டா.”